தேங்காய் விற்ற பையனும் 35 × 4-உம்

பல வருஷமாக ஒரு எண்ணைச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். "பிரேசில் தெருவில் வியாபாரம் பண்ற பசங்க 98 சதவீதக் கணக்கைச் சரியாப் போடறாங்க. அதையே தாளில் கொடுத்தா 37 சதவீதம்தான். பள்ளிக்கூடக் கணக்கே வீண்!" ஆபீஸ் கேன்டீனில் இது நன்றாக எடுபடும். மூலக் கட்டுரையைப் போன மாதம்தான் உட்கார்ந்து படித்தேன். கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. ஆய்வில் இருந்தது மொத்தம் ஐந்தே பிள்ளைகள்.

கட்டுரை 1985-இல் வந்தது. தெரேசினா நூனெஸ், டேவிட் கராஹெர், அனலூசியா ஷ்லீமன் மூவரும் ரெசிஃபே நகரத்துச் சந்தையில் வாடிக்கையாளர் மாதிரி நின்று கேள்வி கேட்டார்கள். 63 கணக்குகளில் 98.2% சரி. பிறகு அதே பிள்ளைகளைத் தாளோடு உட்கார வைத்தபோது, கதையாகச் சொன்ன கணக்கில் 73.7%, வெறும் எண்ணாகக் கொடுத்ததில் 36.8%. நான் சொல்லி வந்த கதையில் அந்த 73.7 எப்போதும் காணாமல் போயிருந்தது! அதோடு, இரண்டாம் சோதனையில் சில கணக்குகளைத் திருப்பிப் போட்டோ, தசமப் புள்ளியை நகர்த்தியோ கொடுத்திருக்கிறார்கள். ஆக, அச்சு அசலாக 'அதே கணக்கு' என்று சொல்ல முடியாது.

ஆனாலும் கட்டுரையைத் தூக்கி எறிய மனசு வரவில்லை. காரணம் 12 வயதுப் பையன் ஒருவன். தேங்காய் ஒன்று 35, நாலு தேங்காய் எவ்வளவு? மூணு தேங்காய் 105 என்று தொடங்கி, 30 கூட்டி, மிச்சம் 5 கூட்டி, 140 என்கிறான். தாளில் 35 × 4 கொடுத்தால் 200 என்று எழுதுகிறான். நாலஞ்சு இருபது, 2-ஐ மேலே ஏற்று. 3-உம் 2-உம் 5, அதை நாலால் பெருக்கு, 20. மேலே ஏற்றியதைப் பெருக்குவதற்கு முன்னாலேயே கூட்டிவிட்டான், அவ்வளவுதான். கோடு எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது நல்லாத் தெரிந்த பக்: வரிகள் இடம் மாறிவிட்டன. தெருவில் அவன் கையில் இருந்தது 30-உம் 5-உம். தாளில் அது வெறும் 3 ஆகிவிட்டது.

இதே மூவர் 1987-இல் எழுதியதுதான் என் கணக்கில் மேலான கட்டுரை. ஆனால் யாரும் அதை மேற்கோள் காட்டிப் பேசிக் கேட்டதில்லை. 16 மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துப் பார்த்ததில், கடையா பள்ளியா என்பதைவிட, வாயால் போட்டார்களா எழுதிப் போட்டார்களா என்பதுதான் பெரிய வித்தியாசம். சந்தை கெட்டிக்காரத்தனத்தையும் வகுப்பறை மந்தத்தையும் தருகிறது என்ற என் வசனம் இங்கேயே உடைந்துவிடுகிறது.

ஐந்து பேர் என்ற குறைக்குப் பதில் நம் நாட்டிலிருந்து வந்தது. 2025-இல் 'நேச்சர்' இதழில் பானர்ஜி, டுஃப்ளோ குழுவினர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் 1,400-க்கு மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்தார்கள். சந்தைப் பிள்ளைகள் பள்ளிக் கணக்கில் திணறினார்கள். பள்ளிப் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் திணறினார்கள். இரண்டு பக்கமும் அடி!

நூனெஸ் பிறகு இங்கிலாந்து போய், பீட்டர் பிரையன்ட்டோடு எழுத்துக்கூட்டல் பக்கம் திரும்பினார். 1997-இல் அவர்கள் காட்டியது: பிள்ளைகள் முதலில் காதில் விழுகிறபடி எழுதுகிறார்கள். இறந்தகால 'இடி' முடிவைப் பழகியதும், வினையே அல்லாத 'சாஃப்ட்' என்ற சொல்லையும் எஸ்-ஓ-எஃப்-இ-டி என்று எழுதுகிறார்கள். பார்வைக்குப் பின்னடைவு மாதிரி இருந்தாலும் அது முன்னேற்றம்தான். விதி ஒன்று இருப்பது தெரிந்துவிட்டது, எங்கே செல்லும் என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

இதைப் படித்தபோது என் மகளின் தமிழ் நோட்டு ஞாபகம் வந்தது. 'பேசுனான்', 'ஓடுனான்' என்று எழுதுவாள். வீட்டில் நாம் பேசுவதே அப்படித்தானே. 'இன்' என்பது இறந்தகால இடைநிலை என்று நன்னூல் சொல்லி எத்தனை நூற்றாண்டாச்சு! நம் பள்ளிகளில் அது பின்னாளில் பகுபத உறுப்பிலக்கணமாக, மதிப்பெண்ணுக்கு வருகிறது. எழுத்துக்கூட்டல் தடுமாறும் வயசில் யாரும் சொல்லித் தருவதில்லை. நானும் சொல்லவில்லை. சிவப்புப் பேனாவால் சுழித்து, பத்து தடவை எழுதச் சொன்னேன்.

போன வாரம் 'பேசினான், ஓடினான், பாடினான்' மூன்றையும் எழுதி, பொதுவாக என்ன இருக்கு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "னான்" என்றாள். அதுவும் தப்பில்லையே.