இரண்டு கடிதங்களும் ஒரு பத்திரமும்

இரண்டு கடிதங்களைப் பற்றி எழுத வேண்டுமென்று வெகு நாட்களாக எண்ணம். அவை இலக்கியக் கடிதங்கள் அல்ல. ஒன்று ஒரு பணக்காரர் எழுதியது. மற்றது ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரர் சொல்ல, ஒரு பத்திரிகைக்காரர் எழுதியது. ஆனாலும், மனிதர்கள் தங்கள் மனத்தைத் தாங்களே எப்படித் தவறாகப் படித்துக்கொள்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளக் கதை எழுதுகிறவனுக்கு இவை உதவும்.

முதல் கடிதம் 2010-ஆம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி இரவு வெளியாயிற்று. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து ஏக்ரன் நகரில் பிறந்தவர் லெப்ரான் ஜேம்ஸ். 2003-ல், பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு, பக்கத்து நகரமான கிளீவ்லாண்டின் தொழில்முறைக் குழுவில் சேர்ந்தார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. ஏழு ஆண்டுகள் ஆடினார். ஒப்பந்தம் முடிந்தது. அடுத்து எந்தக் குழு என்பதைச் சொல்வதற்கென்றே தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி வைத்து, மயாமிக்குப் போகிறேன் என்று நாடறிய அறிவித்தார். அன்றிரவே கிளீவ்லாண்டுக் குழுவின் சொந்தக்காரர் டான் கில்பர்ட் ரசிகர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். ஜேம்ஸ் செய்தது கோழைத்தனமான துரோகம். அவர் பட்டம் வெல்லுமுன் நம் குழு வெல்லும், அதற்கு நான் உத்தரவாதம் என்பது அதன் சாரம்.

உத்தரவாதம் பலிக்கவில்லை. ஜேம்ஸ் மயாமியில் 2012-லும் 2013-லும் பட்டம் வென்றார். ஜோசியம் பொய்த்ததை நான் பெரிதுபடுத்த மாட்டேன். என் கவனமெல்லாம் 'துரோகம்' என்ற அந்தச் சொல்லின்மேல்தான்.

பணத்துக்காக ஊரை விட்டவன் துரோகி என்று சொன்னால் நமக்குப் புரிகிறது. ஆனால் ஜேம்ஸ் பணத்துக்காகப் போகவில்லை. ஆட்டக்காரர் ஒருவருக்கு அதிகபட்சம் இவ்வளவுதான் தரலாம் என்று அந்த லீகில் விதி உண்டு. மயாமியில் கூடிய ஜேம்ஸும், அவருடைய இரு நண்பர்களும் அந்த அதிகபட்சத்துக்கும் குறைவாகவே வாங்கிக்கொள்ள ஒப்பினார்கள். ஆக, காசைக் குறைத்துக்கொண்டு போனவருக்குத்தான் துரோகிப் பட்டம் கிடைத்தது. விசுவாசமா பணமா என்ற கேள்வி இங்கேயே ஆட்டம் கண்டுவிடுகிறது.

ஓடிப்போன அடிமையைப் பற்றி எஜமான் பேசுகிற தோரணை இது என்று பாதிரியார் ஜெஸ்ஸி ஜாக்ஸன் கண்டித்தார். லீக் கில்பர்ட்டுக்கு 1 லட்சம் டாலர் அபராதம் போட்டது. கோடிகளில் சம்பளம் வாங்குகிறவரை அடிமையோடு ஒப்பிடலாமா என்று நமக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் பழைய கதையைப் பார்த்தால் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. ஒரு காலத்தில், ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரர் அதே குழுவுக்குத்தான் கட்டுப்பட்டவர். லீகுக்குள் வேறொரு குழுவுக்கு அவர் தாமாகப் போய்விட முடியாது. ஆனால் குழு அவரை எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராக இருந்த ஆஸ்கர் ராபர்ட்ஸன் 1970-ல் வழக்குத் தொடுத்தார். 1976-ல் சமரசமாகித்தான் வழி திறந்தது. முழு உரிமை பின்னால் படிப்படியாக வந்தது.

கட்டிப் போட்டிருந்த காலத்தில் விசுவாசத்தைப் பற்றி எவருக்கும் கவலை இல்லை. கயிறு அவிழ்ந்த பிறகுதான் அந்தச் சொல்லுக்குத் தேவை வந்தது என்று நினைக்கிறேன்.

நம் மனம் இயல்பாகவே முதலாளி பக்கம் சாயக்கூடியது. செஞ்சோற்றுக் கடன் என்றால் கர்ணனை நினைத்துக் கண் கலங்குகிறவர்கள் நாம். என் கதைகளை வெளியிட்டுவந்த ஒரு பத்திரிகாசிரியர், நான் வேறொரு பத்திரிகைக்கு எழுதியதைக் கண்டு, "நன்றி என்று ஒன்று இருக்கிறதய்யா" என்றார். பல நாள் தலை குனிந்து திரிந்தேன். என் கதைகளால் அவர் பத்திரிகைக்கும் சில பிரதிகள் கூடுதலாக விற்றிருக்கலாம் என்ற எண்ணம் ரொம்பப் பிந்தித்தான் வந்தது.

கிளீவ்லாண்டில் யார் சோற்றை யார் உண்டார்கள்? ஜேம்ஸின் கடைசிப் பருவத்தில் அந்தக் குழு 82 ஆட்டங்களில் 61-ஐ வென்றது. அவர் போன மறு பருவத்தில் வென்றது 19. இடையில் தொடர்ந்து 26 ஆட்டங்கள் தோற்றது. கர்ணன் கதை இங்கே பொருந்தாது.

இனி இரண்டாவது கடிதம். 2014 ஜூலை 11-ந் தேதி ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் ஜேம்ஸ் பெயரில் வந்தது. கிளீவ்லாண்டுக்குத் திரும்புகிறேன் என்று அறிவிக்கும் கடிதம். எழுத்து என்று பார்த்தால் முந்தியதைவிட எவ்வளவோ மேல். பிறந்த மண், அங்கே வளரும் பிள்ளைகள், பழைய கோபங்களை மறப்பது எல்லாம் பதமாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. பட்டம் வெல்வேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை. அந்த அடக்கம் அழகாக இருக்கிறது.

ஆனால் விமரிசகன் சொன்னதை மட்டும் படித்தால் போதாது. தம்மோடு ஆடப்போகிற இளைஞர்கள் சிலரைப் பெயர் சொல்லி அன்போடு குறிப்பிடுகிறார் ஜேம்ஸ். அந்த ஜூன் மாதம் புதியவர்களில் முதல் ஆளாகக் கிளீவ்லாண்டு தேர்ந்தெடுத்த பத்தொன்பது வயது ஆண்ட்ரூ விக்கின்ஸின் பெயர் அதில் இல்லை. ஆகஸ்டில் விக்கின்ஸை மின்னசோட்டாவுக்கு அனுப்பி, அனுபவமுள்ள ஒரு ஆட்டக்காரரை வாங்கிக்கொண்டார்கள். வீடு திரும்புவதைப் பற்றிய கடிதத்தில் வீட்டை விட்டுப் போகப்போகிற பிள்ளைக்கு இடமில்லை.

மூன்றாவதாக ஒரு பத்திரமும் இருக்கிறது. அதுதான் ஜேம்ஸ் கையெழுத்திட்ட ஒப்பந்தம். இரண்டே ஆண்டுகள். முதல் ஆண்டு முடிந்ததும் விலகிக்கொள்ளும் உரிமையும் உண்டு. கடிதத்தில் ஆயுட்காலப் பற்று. பத்திரத்தில் ஓராண்டுத் தவணை. கடிதம் பொய் என்று நான் சொல்லவில்லை. பற்று ஊரின்மேல், எச்சரிக்கை முதலாளியின்மேல். இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் மூன்று எழுத்துகளில் தன்னைப் பற்றி எதையும் மிகைப்படுத்தாதது பத்திரம் ஒன்றுதான்.

விசுவாசிகளே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. அதே 2014-ல் டல்லஸ் குழுவின் டிர்க் நோவிட்ஸ்கி, வேறு இடங்களில் அதைப்போல் மும்மடங்குக்கு மேல் கிடைக்கவிருந்தும், மூன்றாண்டுகளுக்குச் சுமார் 2.5 கோடி டாலருக்கு இசைந்தார். மிஞ்சியதைக் கொண்டு வேறு ஆட்டக்காரர்களைச் சேர்க்கட்டும் என்பது அவர் எண்ணம். இருபத்தொரு பருவமும் ஒரே குழு. அவருக்குச் சிலை வைத்தார்கள்.

அந்தச் சிலை நிற்கும் இடத்தில்தான் 2025 பிப்ரவரியில் ரசிகர்கள் சவப்பெட்டி கொண்டுவந்து வைத்து ஒப்பாரி வைத்தார்கள். நோவிட்ஸ்கிக்கு வாரிசு என்று எல்லோரும் நம்பியிருந்த லூகா டான்சிச்சை, ஓர் இரவில், அவருக்கே முன்கூட்டித் தெரியாமல், லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மாற்றிவிட்டது டல்லஸ் நிர்வாகம். முந்தைய ஆண்டுதான் அவர் குழுவை இறுதிப் போட்டி வரை கொண்டுபோயிருந்தார். போக விரும்பினவர் அல்ல. டல்லஸிலேயே நீடித்திருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய மாபெரும் ஒப்பந்தமும் அதோடு போயிற்று. நிர்வாகத்தைக் கோழை, துரோகி என்று எந்த முதலாளியும் பகிரங்கக் கடிதம் எழுதவில்லை. அது வியாபாரமாம்.

கடைசியாக ஒன்று. ஜேம்ஸ் 2016-ல் கிளீவ்லாண்டுக்குப் பட்டம் வாங்கிக்கொடுத்தார். அந்த ஊர் எந்தப் பெரிய விளையாட்டிலும் பட்டம் கண்டு 52 ஆண்டுகளாகியிருந்தன. 2018-ல் மறுபடி ஊரை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனார். நான்கு ஆண்டுகளுக்கு 15 கோடி டாலருக்கும் அதிகம். இந்த முறை கில்பர்ட் நன்றி தெரிவித்தார். இரண்டு முறையும் போனவர் ஒருவரே. விட்ட ஊரும் ஒன்றே. கிளீவ்லாண்டில் இருந்திருந்தாலும் பணத்துக்குக் குறைவில்லை. நடுவே வந்தது ஒரு கோப்பை. அப்படியானால், விசுவாசம் என்று அவர்கள் கேட்டதும் ஒரு விலைதான். டாலரில் குறிக்கப்படவில்லை, அவ்வளவே.

இருந்தாலும் 2010-ல் சட்டைகளைக் கொளுத்திய ரசிகர்களை நான் பரிகசிக்க மாட்டேன். அவர்களிடம் ஒப்பந்தம் இல்லை. விலகும் உரிமையும் இல்லை. அவர்களுக்கு நேர்ந்த அநியாயம் ஜேம்ஸ் போனது அல்ல. அந்நியர்களோடு அந்நியர்களாக, தொலைக்காட்சியில் அவர்களும் அதைக் கேட்க நேர்ந்ததுதான். நிகழ்ச்சியில் வந்த பணம் சிறுவர் சங்கங்களுக்குப் போயிற்று என்பது உண்மை. அதனால் ஊராரின் மனப்புண் ஆறிவிடவில்லை. டான்சிச்சுக்கு இழைத்த அநியாயமும் இதே ஜாதிதான்.

கூலிக்கு ஆடுகிறவனிடம் ஊர் கேட்க வேண்டியது இரண்டு: இருக்கிற நாள்வரை முழு மூச்சாக ஆடு, போகிற நாளில் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போ. முதலாளியிடமும் அதே இரண்டைக் கேட்கலாம். அதற்கு மேல் கேட்பதை விசுவாசம் என்று அழைக்க என் மனம் இடம் கொடுக்கவில்லை.