தொண்டை வலியும் ஒரு வரி விளக்கமும்

சென்ற ஆண்டு எனக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை நடந்தது. வயிற்றுத் தையலைவிடத் தொண்டை வலியே பெருந்தொல்லையாயிற்று. மூன்று நாட்கள் எச்சில் விழுங்குவதே கடினம். குரல் கம்மிப் பத்து நாட்கள் வகுப்பெடுக்க இயலவில்லை. பேச்சே பிழைப்பான ஆசிரியனுக்கு இது சிறு செய்தியன்று. மருத்துவமனையில் தந்த துண்டுப் பிரசுரத்தைப் புரட்டினேன். சுவாசக் குழாய் உரசுவதால் தொண்டை வலிக்கலாம், அது இயல்பே என்று ஒரே வரி. அவ்வரியைச் சற்று ஆராய்வோம்.

அது முழுத் தவறன்று. குழாயைச் செலுத்துகையில் உரசல் உண்டு. குழாய் பருமனானாலும், முதல் முயற்சியில் நுழையாவிட்டாலும் வலி மிகும். ஆனால் பிரசுரம் விட்டுவிட்ட சொல் ஒன்று உண்டு, அது 'அழுத்தம்'.

குழாயின் அடிமுனை அருகே சிறு காற்றுப்பை இருக்கிறது. 1928-இல் அமெரிக்க மருத்துவர்கள் கெடல், வாட்டர்ஸ் இருவரும் இத்தகைய குழாயை விவரித்தனர். மயக்கமூட்டிய நாயை நீரில் அமிழ்த்தி, நுரையீரலில் நீர் புகாததை கெடல் காட்டினார். பை உப்பி மூச்சுக்குழலை அடைப்பதால் செலுத்தும் வாயு கசியாது. இரைப்பை நீரும் நுரையீரலில் இறங்காது. உயிர் காக்கும் ஏற்பாடு இது. ஐயமில்லை.

ஆனால் அதே பை மூச்சுக்குழலின் உட்சுவரை நெருக்குகிறது. அச்சுவரின் நுண்குழாய்களில் இரத்தம் ஓடவேண்டுமே! பையின் அழுத்தம் 30 செ.மீ. நீர் உயரத்தைத் தாண்டலாகாது என்று ஸீகோபின், வான் ஹாசல்ட் ஆகியோர் 1984-இல் எழுதினர். பாதரசக் கணக்கில் இது சுமார் 22 மி.மீ.; காற்றுமண்டல அழுத்தத்தில் நூற்றுக்கு மூன்று பங்கே. பள்ளி அளவுகோலின் நீளமுள்ள நீர்த்தம்பம்தான் எல்லை! 20 செ.மீ.க்குக் கீழே போனாலோ கசிவு ஏற்படலாம். பாதுகாப்பான இடைவெளி அவ்வளவு குறுகியது.

இதை எப்படி அறிவது? வெளியே தொங்கும் சிறு பலூனை இரு விரலால் அமுக்கிப் பார்க்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. விரலுக்குத் தெரிவது விறைப்பு, அழுத்தத்தின் அளவன்று. நெற்றியில் கைவைத்து, காய்ச்சல் 101 டிகிரியா 103 டிகிரியா என்று சொல்லமுடியுமா? இன்னொரு சிக்கலும் உண்டு. நைட்ரஸ் ஆக்ஸைடு கொடுக்கப்பட்டால், அவ்வாயு பையின் மெல்லிய சுவர் வழியே உள்ளே விரவும். உள்ளிருக்கும் நைட்ரஜனோ அத்துணை விரைவாக வெளியேறாது. ஆகவே தொடக்கத்தில் சரியாயிருந்த அழுத்தம் நேரம் ஆக ஆக ஏறும். ஒருமுறை பார்த்தால் போதாது.

அழுத்தமானி ஒன்றை இணைத்தால் ஐயம் தீரும். என் மருத்துவக் குறிப்பில் அந்த எண் இல்லை. ஆகவே என் வலி உரசலால் வந்ததா, அழுத்தத்தால் வந்ததா என்று எவராலும் கூற இயலாது. அளக்காததன் விளைவு இதுவே.

பிரசுரம் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். பலருக்கு வருவது வேறு. தவிர்க்க இயலாதது வேறு. 'இயல்பே' என்னும் சொல் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. பையின் அழுத்தம் அளக்கப்படும் என்று ஒரு வரியும், குரல் கம்மல் இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் தொண்டை மருத்துவரைக் காண்க என்று மற்றொரு வரியும் சேர்க்கட்டும். தாளில் அதற்கு இடமிருக்கிறது.