ஒரு வரி எழுதிவிட்டு ஒரு படம்: மட்டக்களப்பு வாவியைக் கமராவோடு ரசிப்பது எப்படி?

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிய எழுவான்கரை. மேற்கே வயலும் குளமுமாக விரிந்த படுவான்கரை. பாலமீன்மடு முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றிலும் வாவி கடலைத் தொடுகிறது. இத்தனை பெரிய நீர்ப்பரப்பிலிருந்து நம் கைபேசிகளுக்கு வந்து சேர்வதோ பெரும்பாலும் ஒரே படம்: கல்லடிப் பாலம், எரிகிற செம்மஞ்சள் வானம், கறுத்துப்போன ஒரு தோணி. அழகான படம்தான். ஆனால் அதில் மென்பொருளின் நிறம் கூடுதல், வாவியின் நிறம் குறைவு.

நல்ல படத்துக்கு விலைகூடிய கமரா வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அதற்கு முன் வேண்டியது ஓர் ஒழுங்கு. எப்போது போவது, எங்கே நிற்பது, எடுத்ததை எப்படித் தேர்வது, எதைத் திருத்துவது, எங்கே நிறுத்துவது என்று தனக்கென ஒரு நடைமுறை வைத்திருப்பவர், கமரா இல்லாமல் போனாலும் மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பார்ப்பார். அந்த ஒழுங்கை அமைத்துக்கொள்ளும் வழியைத்தான் இங்கே சொல்கிறேன். கைபேசி வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும்.

எந்தக் கரை, எந்த நேரம்?

முதல் முடிவு கரை. காலையில் எழுவான்கரையில் நின்று வாவியைப் பார்த்தால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். எதிர்க்கரைத் தென்னைகளும் கண்டல் மரங்களும் தோணிகளும் முழு நிறத்தோடு தெரியும். அதே காலையில் படுவான்கரையில் நின்றால் வெளிச்சம் எதிரே வரும். நிறம் ஒடுங்கி உருவங்களும் நீரின் மினுக்கமும் மட்டும் மிஞ்சும். மாலையில் இரண்டும் தலைகீழாகிவிடும். ஆளின் முகம் வேண்டுமா, ஆளின் உருவம் வேண்டுமா என்று முடிவெடுத்தால் கரை தானாகத் தீர்மானமாகிவிடும்.

1924இல் லேடி மனிங் பாலம் என்ற பெயரில் திறக்கப்பட்ட கல்லடிப் பாலத்தடியிலும், 1913இல் கட்டப்பட்ட பாலமீன்மடு வெளிச்ச வீட்டடியிலும் தொடங்குவது இலகு. ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும், குருக்கள்மடத்திலிருந்து அம்பிலாந்துறைக்கும் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு 'பாதை' என்னும் மிதவைப் படகு போய்வந்த துறைகள் வாவியைப் படிக்க நல்ல பள்ளிக்கூடங்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவதும் இலகுவாகிவிட்டது.

அடுத்தது நேரம். புகைப்பட நூல்கள் சொல்லும் 'பொன்னான ஒரு மணிநேரம்' நமக்கு ஒரு மணிநேரம் இல்லை. மட்டக்களப்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழே முக்கால் பாகை அளவில்தான் இருக்கிறது. இங்கே சூரியன் சரிந்து போகாமல் கிட்டத்தட்ட நேராக இறங்கும். தொடுவானத்துக்கு ஆறு பாகை மேலே இருக்கும் சூரியன் ஏறத்தாழ அரை மணிநேரத்தில் மறைந்துவிடும். அதன்பின் வரும் நீல வெளிச்சமும் அரை மணிநேரம் தாங்காது. ஐரோப்பிய நூலை நம்பி ஆறுதலாக வந்தால் இருட்டைத்தான் எடுக்கலாம். சூரியன் மறைவதற்கு ஒரு மணிநேரம் முன்பே இடத்தைப் பார்த்து நின்றுவிட வேண்டும்.

பருவமும் நிறத்தை மாற்றும். கச்சான் வீசும் மாதங்களில் காலை நீர் கண்ணாடியாய்க் கிடந்தாலும் மத்தியானத்துக்குப் பிறகு கலங்கிவிடும். நிழல் விழுந்த நீர் வேண்டுமானால் அப்போது விடியற்காலைதான் ஒரே வழி. மாரியில் வெள்ளம் இறங்கி முகத்துவாரம் வெட்டப்படும் நாட்களில் வாவி மண்ணிறமாகும். அந்த நிறத்தை எடிட்டில் நீலமாக்குவது வாவியின் வரலாற்றில் ஒரு பக்கத்தைக் கிழிப்பதற்குச் சமம்.

எடுக்குமுன் ஒரு வரி

இந்த ஒழுங்கின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஓர் இடத்தில் உங்கள் கால் நின்றால், கமராவைத் தூக்குமுன், நின்றதற்கான காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள். கைபேசிக் குறிப்பிலோ சட்டைப்பைக் கொப்பியிலோ எழுதலாம். 'அழகான காலை' என்று எழுதினால் அது உதவாது. 'தோணியின் ஈரப் பலகையில் மட்டும் வெயில்', 'பாதையில் எல்லோரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள்', 'கொக்கு நிற்கும் இடத்தில் நீர் அசையவில்லை'. இப்படிக் கண்ட பொருளை எழுத வேண்டும்.

அந்த வரி இரண்டு வேலை செய்யும். எடுக்கும்போது எதை விடலாம் என்று சொல்லும். ஈரப் பலகைதான் காரணம் என்றால் வானம் எதற்கு? இரண்டு அடி முன்னே போய் வானத்தை வெட்டிவிடலாம். பின்னர் எடிட் செய்யும்போது எங்கே நிறுத்துவது என்றும் அதே வரி சொல்லும். எடிட்டிங் என்பது படத்தை அந்த வரிவரை கொண்டுபோய் விடும் வேலை. அதற்கு அப்பால் ஓர் அடியும் வேண்டாம்.

வலை விரியும் நேரம்

ஒரு படத்தைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். விடியற்காலை, இடுப்பளவு நீரில் ஒருவர் வீச்சுவலையோடு நிற்கிறார். முதலில் கேட்க வேண்டும். "ஐயா, ஒரு படம் எடுக்கட்டா?" "எடு மனே" என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்ப்பார். கேட்டுவிட்டு எடுத்தால் அவசரம் போய்விடும். அவர் பக்கம் ஐந்தாறு வீச்சு சும்மா பார்த்துக்கொண்டு நிற்கலாம். அப்போதுதான் முறை பிடிபடும்: வலையின் ஒரு பகுதியை முழங்கையில் போடுகிறார், ஓர் ஓரத்தைப் பல்லில் கடிக்கிறார், உடல் ஒருமுறை பின்னே திரும்புகிறது, பிறகுதான் வீச்சு. உடல் திரும்பும்போதே விரல் தயாராகிவிட வேண்டும். வலை முழு வட்டமாக வானில் நிற்பது ஒரு கண் இமைப்புத்தான்.

வரி: 'விளிம்பில் ஈயக் குண்டுகள் நீரைத் தொடுமுன் தெறிக்கும் துளிகள்'. துளி உறைந்து நிற்க வேண்டுமானால் ஷட்டர் வேகம் 1/1000 செக்கனுக்குக் குறையக்கூடாது. வெளிச்சம் எதிரே இருப்பதால் எக்ஸ்போஷரை முக்கால் படி அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். இருண்ட இடத்தைப் பின்னர் ஓரளவு தூக்கலாம். வெளிறிப்போன வானத்தை எந்த மென்பொருளாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. வைட் பாலன்ஸை 'டேலைட்' என்று நிலையாக வைத்துவிடுங்கள். 'ஓட்டோ'வில் விட்டால் கமரா விடியலின் இளஞ்சூட்டைக் குறையென்று நினைத்துத் திருத்திவிடும். போலரைசர் வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றிவிட வேண்டும். மத்தியானத்தில் நீருக்கடியில் பார்க்க உதவும் அதே கண்ணாடி, காலையிலும் மாலையிலும் நீர்மேல் கிடக்கும் வெளிச்சத்தையே அழித்துவிடும்.

வசதி இருந்தால் 'ரோ' கோப்பாக எடுங்கள். ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிற் ரோவில் 16,384. கண்டல் நிழலும் காலை வானமும் ஒரே படத்தில் வரும்போது அந்த வித்தியாசம் வெறுங்கண்ணுக்கே தெரியும்.

வேலை முடிந்ததும் லென்ஸையும் கமரா உடலையும் துடைத்துவிடுங்கள். முகத்துவாரக் காற்றில் உப்பு இருக்கிறது. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட இறுக்கமான டப்பா ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

அன்றிரவு எடிட் வேண்டாம்

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியது ஒன்றே: படங்களை இரண்டு இடத்தில் பிரதி எடுப்பது. போல்டருக்குத் திகதியும் இடமும் பெயராக இருக்கட்டும். 2025-07-10-குருமண்வெளி என்று எழுதினால் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கிவிடும். பத்து வருடம் கழித்துத் தேடும்போது இந்தச் சின்ன ஒழுங்கின் அருமை தெரியும்.

தேர்வை ஒரு கிழமை தள்ளிப் போடுங்கள். எடுத்த அன்று ஒவ்வொரு படத்திலும் நம் வியர்வை ஒட்டிக்கொண்டிருக்கும். சேற்றில் நின்று எடுத்ததால் மட்டும் ஒரு படம் நல்ல படமாகிவிடாது. கிழமை கழித்து இரண்டு சுற்றாகப் பாருங்கள். முதல் சுற்றில் ஓட்டமாகப் பார்த்து, எழுதிய வரியை நினைவூட்டும் படங்களுக்கு மட்டும் அடையாளம் இடுங்கள். இரண்டாவது சுற்றில் ஒரே காட்சியின் நான்கு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றைத் தேருங்கள். தயக்கம் வந்தால் ஆளின் கையையும் நிழலையும் பாருங்கள். படத்தைத் தூக்கி நிறுத்துவதும் கெடுப்பதும் பெரும்பாலும் அவைதான்.

எடிட்: எப்போதும் ஒரே வரிசை

லைட்ரூம், இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள், கைபேசியில் ஸ்னாப்சீட் என எதுவானாலும் வரிசை மாறக்கூடாது. வெட்டு, நிமிர்த்தல், வைட் பாலன்ஸ், வெளிச்சம், பகுதித் திருத்தம், கடைசியில் நிறமும் கூர்மையும். முதலிலேயே நிறத்தில் கைவைத்தால், வெளிச்சத்தைத் திருத்தும்போது அந்த வேலை முழுவதும் வீணாகும்.

இந்த வரிசையில் வாவிக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, நிமிர்த்தல். எதிர்க்கரைக் கோட்டை நம்பி நிமிர்த்தாதீர்கள். கரை நம்மைவிட்டு விலகி வளைந்து போகும்போது, நேரான படத்திலும் அது சாய்ந்தே தெரியும். அசையாத நீரில் ஒரு கம்பமும் அதன் நிழலும் எப்போதும் நேர்க்குத்தாக ஒன்றின்கீழ் ஒன்று வரும். அந்த இரண்டையும் இணைத்து நிமிர்த்தினால் பிழைக்காது.

இரண்டு, நீர்நிழல். நீரில் விழும் வானம் உண்மை வானத்தைவிடச் சற்று இருண்டே இருக்கும், ஏனென்றால் ஒளியின் ஒரு பகுதி நீருக்குள் இறங்கிவிடுகிறது. நிழலைத் தூக்குகிறேன் என்று நீரை வானத்தைவிட வெளிச்சமாக்கிவிட்டால், பார்ப்பவருக்குக் காரணம் புரியாமலே படம் பொய்யென்று பட்டுவிடும்.

மூன்று, ஆட்களின் தோல். செம்மஞ்சளை ஏற்றினால் வானத்துக்கு முன்னே மனிதர்தான் கெடுவார். வெயிலில் உழைக்கும் கறுத்த தோளின் மினுக்கத்தை வெளுப்பாக்குவதும் அதே குற்றம்தான். நிறத்தைத் தொடுமுன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அது கெடாத அளவோடு நில்லுங்கள்.

நம் வலைப் படத்துக்கு வருவோம். இருண்ட பகுதியைக் கொஞ்சம் தூக்கியதும் வலைக்கயிறுகள் தெரிகின்றன. துளிகள் இருக்கும் இடத்தில் மட்டும் கொன்ட்ராஸ்ட் கூட்டினால் அவை பளிச்சென்று பிரிகின்றன. வானத்தையும் சிவப்பாக்கிப் பார்க்கலாமா என்று கை துடிக்கும். வரியைப் படியுங்கள். அதில் வானம் இல்லை. வேலை முடிந்தது.

திருத்திய படத்தை மறுநாள் பகலில் ஒருமுறை பாருங்கள். இரவில், இருட்டு அறையில், திரையின் வெளிச்சத்தைக் கூட்டி வைத்து எடிட் செய்த படம் கடுதாசியில் கறுத்து வரும்.

அச்சே மிஞ்சும்

எடுப்பது பாதி, ஆக்குவது பாதி என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சாட்சி உண்டு. கொழும்பில் வாழ்ந்த லயனல் வெண்ட் (1900–1944) சட்டம் படித்தவர், பியானோக் கலைஞர், இலங்கையின் நவீனப் புகைப்படக் கலைக்கு வழி திறந்தவர். இருட்டறையில் ஒளியைப் புரட்டியும் படங்களை ஒட்டிச் சேர்த்தும் அவர் செய்து பார்த்த பரிசோதனைகள் இன்றும் புதிதாக இருக்கின்றன. அவர் இறந்தபின் நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. அவர் கையால் இட்ட அச்சுகள் மிஞ்சின. 1950இல் அவருடைய இலங்கைப் படநூல் வெளிவந்தது. அவர் ஆக்கியபடியே அந்தப் படங்களை நாம் இன்று காண முடிவது அந்தக் கடுதாசிகளால்தான்.

பியானோ படித்த இன்னொருவர், அமெரிக்கரான அன்சல் அடம்ஸ், நெகட்டிவை இசைக்குறிப்புக்கும் அச்சைக் கச்சேரிக்கும் ஒப்பிட்டார். 1941இல் நியூ மெக்சிகோவில் எடுத்த நிலவு உதயப் படத்தைப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிட்டார். போகப் போக அந்த வானம் கறுத்துக்கொண்டே வந்தது. கண் முதிர முதிர ஒரே படத்தில் வேறொன்று தெரியும். பழைய போல்டரை வருடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதும் ஒழுங்கின் ஒரு பகுதிதான்.

தொடங்க நாள் வேண்டுமா? வருகிற பூரணையன்று மாலை கல்லடிப் பாலத்துக்குப் போங்கள். மேற்கே வாவிப் பக்கம் சூரியன் இறங்கும்போது கிழக்கே கடற்பக்கம் நிலவு ஏறும். இரண்டு வெளிச்சமும் சமமாக நிற்கும் நேரம் சிறிது. மீன்பாடும் ஒலியும் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரையான பூரணை இரவுகளில் அங்கேதான் கேட்கும் என்பார்கள். காதையும் கொண்டுபோங்கள். எதிரில் வருவதையெல்லாம் எடுக்காதீர்கள். ஒரு வரி, ஒரு படம்.

மாதம் ஒரு படத்தையாவது ஸ்டூடியோவில் கொடுத்துக் கடுதாசியில் இடுங்கள். பின்பக்கம் இடத்தையும் திகதியையும் அந்த ஒரு வரியையும் எழுதுங்கள். படத்தில் ஆள் இருந்தால் இரண்டு பிரதி போட்டு, ஒன்றை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். அது நீங்கள் அவருக்குத் தர வேண்டிய கடன்.