காகிதம் போன வழி

கஞ்சிக்கோட்டுவாசி ஒருவர் தம் ஊரின் பூர்வ சரித்திரத்தை எழுதிப் பார்க்கவேண்டும் என்று சங்கற்பம் செய்துகொண்டால், பேனாவுக்கும் காகிதத்துக்கும் முன்னால் ரயில் டிக்கெட்டு அவருக்கு அவசியமாகிவிடுகிறது. ஊர் இருக்குமிடம் வாளையாற்றுக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே; ஊரைப் பற்றிய தஸ்தாவேஜுகள் இருக்குமிடமோ, ஊரை ஆண்டவர்கள் எங்கெங்கே உட்கார்ந்து ஆண்டார்களோ அங்கெல்லாம். 1792-ஆம் வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையினால் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்கு மாறிய மலபார், எட்டு வருஷம் பம்பாய்க்கு அடங்கியிருந்து, 1800-இல் சென்னை ராஜதானியோடு சேர்ந்து, 1956 நவம்பர் 1-ஆம் தேதி கேரளம் பிறக்கும்வரையில் சென்னையின் கீழேயே இருந்துவந்தபடியால், தலைமைச் செயலகத்தாரும் ரெவினியூ போர்டாரும் எழுதியவை எழும்பூரிலும், ஜில்லா கச்சேரியின் கட்டுகள் கோழிக்கோட்டிலும் தேடத்தக்கவை. சற்றுத் தெற்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழர் இதே ஆசையோடு புறப்பட்டால் அவருக்கு வழி வேறு. சித்தூர் கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்திருந்ததாகையால் அவர் எர்ணாகுளத்துக்குப் போகவேண்டும். தேவிகுளம், பீருமேட்டுத் தோட்டத் தமிழருக்கோ திருவனந்தபுரம். அதுவும் போதாமல், கண்ணன் தேவன் மலைகளில் தேயிலை வியாபாரத்தை நடத்திய ஜேம்ஸ் ஃபின்லே கம்பெனியாரின் ஏடுகளைப் பார்க்க ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ சர்வகலாசாலை வரைக்கும் போகவேண்டியவர் அவர். ஒரே பாஷை பேசி, ஒரே மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி வாழ்ந்த ஜனங்களின் கதை இப்படித் திசைக்கொன்றாகக் கிடக்கிறது.

இதைப் பார்த்து முகம் சுளிப்பது சுலபம். நானும் வெகுகாலம் சுளித்தவன்தான். ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று எதிர்ப்பட்டவர்களை எல்லாம் கேட்டதுண்டு. பழகப் பழகத்தான் அந்த அடுக்குமுறையின் நியாயம் புலப்பட்டது. ஆவணக் காப்பகம் என்பது விஷயவாரியாகப் புஸ்தகம் அடுக்கிய வாசகசாலை அன்று. எந்தக் கச்சேரியில் எந்த வரிசையில் ஒரு காகிதம் பிறந்ததோ, அந்தக் கச்சேரியின் பெயரால், அந்த வரிசையிலேயே அதை வைத்திருப்பது அதன் தர்மம். இன்றைக்கு வாளையாற்றுக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் இடையில் இருப்புப்பாதையில் யானை ஒன்று அடிபட்டால் வனத்துறையில் ஒரு ஃபைலும் ரயில்வேயில் ஒரு ஃபைலும் உண்டாகின்றன. யானை ஒன்றுதானே என்று இரண்டையும் பிரித்துக் கலந்து ஒரே கட்டாகக் கட்டிவிட்டால், யார் யாருக்கு எப்போது எச்சரிக்கை எழுதினார்கள், யார் பதில் எழுதாமல் இருந்தார்கள் என்ற சங்கதி, அதாவது சரித்திரக்காரனுக்கு வேண்டிய சங்கதி, மறைந்தே போய்விடும்.

கம்பெனி காலத்து நிர்வாகத்தில் இந்த முறைக்கு வேறொரு லாபமும் இருந்தது. கலெக்டர் எழுதிய கடிதம் 1786-இல் ஏற்பட்ட ரெவினியூ போர்டுக்குப் போகும். போர்டார் அதைத் தங்கள் நடவடிக்கைப் புஸ்தகத்தில் பெயர்த்தெழுதி, தங்கள் அபிப்பிராயத்தையும் சேர்த்துக் கவர்னரின் சபைக்கு அனுப்புவார்கள். அந்தச் சபையின் நடவடிக்கைகளுக்குப் பிரதி எடுத்து லண்டனுக்குக் கப்பலேற்றுவார்கள். ஆகையால் ஒரு வரிக்குறைப்பு விவகாரம் மூன்று நான்கு இடங்களில், ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு மனுஷனின் கோபதாபத்தோடு பதிவாகிவிடுகிறது. கோழிக்கோட்டில் கரையான் தின்றது எழும்பூரில் பிழைத்திருக்கலாம். அங்கேயும் நொறுங்கிப்போனது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் அகப்படலாம். அந்த நாளைய உத்தியோகஸ்தர்களின் அவநம்பிக்கை, ஒருவர்மேல் ஒருவர் வைத்திருந்த கண்காணிப்பு, இன்றைக்கு நமக்குச் சாட்சியாக நிற்கிறது.

ஆனால் இந்தச் சாட்சி யாருடைய பாஷையில் பேசுகிறது? குடியானவன் தமிழிலோ மலையாளத்திலோ சொன்ன முறையீடு அம்சம் அதிகாரியைக் கடந்து, தாசில்தாரைக் கடந்து, கலெக்டரின் மேஜைக்கு வந்து, அங்கிருந்து மேலே போகும்போது பெரும்பாலும் நாலு வரி இங்கிலீஷ் சாராம்சமாகச் சுருங்கிவிடுகிறது. அவனுடைய காணமும் வெறும்பாட்டமும் இங்கிலாந்து தேசத்துக் குத்தகைச் சொற்களுக்குள் அமுக்கப்பட்டிருக்கும். மூலம் எங்கே போயிற்று என்று தேடினால் அநேகமாகக் கிடைப்பதில்லை. இதற்கு விதிவிலக்கானவை இருக்கின்றன. பாதிரியார் ஹெர்மன் குண்டர்ட் ஜெர்மனிக்குக் கொண்டுபோய், இப்போது தூபிங்கன் சர்வகலாசாலையில் பத்திரமாக இருக்கும் தலச்சேரி ரேகைகள், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி வருஷங்களில் வடமலபார் ராஜாக்களும் பிரபுக்களும் கம்பெனி உத்தியோகஸ்தர்களோடு நடத்திய மலையாளக் கடிதப் போக்குவரத்தை அப்படியே காட்டுகின்றன. திருவனந்தபுரத்துக் கோயிலைச் சேர்ந்த மதிலகம் ஏடுகளோ, சுருணை சுருணையாக, வட்டெழுத்தும் கோலெழுத்தும் மலையாண்மையும் கலந்த ஒரு சமுத்திரம். அவற்றில் தமிழும் உண்டு. வட்டெழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணத்தக்க காலத்தில் அந்தக் கதவு திறந்திருந்தும் மூடியதாகவே இருக்கிறது.

கதவு என்றதும் வாசற்காவலைப் பற்றியும் சொல்லவேண்டும். மத்திய சர்க்காரின் ஏடுகளுக்கென்று 1993-இல் ஒரு சட்டம் வந்தது. 1892-க்கு முந்திய ஏட்டை, ஆவணமாக எவ்விதத்திலும் பயன்படுத்த முடியாதபடி சிதைந்துபோனதைத் தவிர, அழிக்கக்கூடாது என்று அது சொல்லுகிறது, உத்தமமான விதி. முப்பது வருஷத்துக்கு மேற்பட்டு, இரகசிய முத்திரை இல்லாமல், தேசிய ஆவணக் காப்பகத்துக்கு வந்துசேர்ந்த ஏடுகளை உண்மையான ஆராய்ச்சியாளருக்குக் காட்டலாம் என்றும் சொல்லுகிறது. அந்த 'உண்மையான' என்ற அடைமொழிதான் எனக்கு உறுத்துகிறது. மாகாணக் காப்பகங்களின் நடைமுறையிலும் அதன் நிழல் விழுந்திருக்கிறது. சர்வகலாசாலைப் பேராசிரியரின் கடிதத்தோடு வருகிற இருபத்துநாலு வயதுப் பிள்ளை சுலபமாக உள்ளே போய்விடுகிறான். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவரும், பாட்டன் காலத்து நிலத்தின் வரலாற்றைத் தேடி வருகிற விவசாயியும் தங்கள் உண்மைக்கு யாரிடம் கடிதம் வாங்குவார்கள்?

காவலே வேண்டாம் என்று சொல்லுகிற கட்சியில் நான் இல்லை. அச்சிட்ட புஸ்தகம் காணாமற்போனால் வேறொரு பிரதி வாங்கலாம். ஏட்டில் ஒரு தாள் போனால் போனதுதான். பேனாவை வெளியே வைத்துவிட்டுப் பென்சிலோடு வா என்பதும், கட்டுகளை ஒவ்வொன்றாகத்தான் தருவேன் என்பதும் நியாயமான கட்டளைகள். வருகிறவன் தாளை எப்படித் தொடுகிறான் என்று பரிசோதிக்கட்டும். அவன் பட்டத்தைப் பரிசோதிப்பதில் தாளுக்கு என்ன பாதுகாப்பு?

வெகு நாட்களுக்கு முன் ஓர் ஆவணக் காப்பகத்தில் நான் கேட்ட கட்டு, மூன்று நாள் காத்திருப்புக்குப் பின்பு, 'நொறுங்கும் நிலை, தருவதற்கில்லை' என்ற குறிப்போடு திரும்பிவந்தது. அதற்குப் பிரதியும் இல்லை என்றார்கள். நான் மூட்டையைக் கட்டத் தொடங்கியபோது, கட்டுகளைச் சுமந்து சுமந்து தோள் சாய்ந்திருந்த பெரியவர் ஒருவர் அருகே வந்து, "ஏனுங்க, அதே கடிதம் அடுத்த வருஷத்துப் புஸ்தகத்துல மறுபடியும் வருதுங்களே, அதைக் கேட்டுப் பாருங்க" என்றார். வந்தது. எந்த அட்டவணையிலும் இல்லாத அந்தத் தகவல் அவருடைய ஞாபகத்தில் இருந்தது. அப்படிப்பட்டவர் ஓய்வு பெறுகிற தினத்தில் அட்டவணையிலும் ஒரு பாதி ஓய்வு பெற்றுவிடுகிறது.

எழுதிவைத்த வழிகாட்டிகள் இல்லாமல் இல்லை. மலபார் ஜில்லாவின் 1714 முதல் 1835 வரைக்குமான ஏடுகளுக்குச் சென்னை ரிகார்டு ஆபீஸார் 1936-இல் பல தொகுதிகளாக ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். கடிதம் கடிதமாகச் சாரம் சொல்லும் அந்த நூலின் உழைப்பை நினைத்தால் கைகூப்பத் தோன்றும். ஆனால் அது 1835-இல் நின்றுவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே போத்தனூருக்கு இருப்புப்பாதை போட்ட 1860-களுக்குக்கூட அது நம்மைக் கொண்டுவிடாது. அதுவும் இங்கிலீஷில்தான் இருக்கிறது.

இந்தக் குறைகளை எல்லாம் கம்ப்யூட்டர் தீர்த்துவிடும் என்று நம்புகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். 2015-இல் தேசிய ஆவணக் காப்பகம் தொடங்கிய 'அபிலேக் படல்' தளத்தினால், கஞ்சிக்கோட்டில் உட்கார்ந்தபடியே டில்லி ஏடுகளின் பட்டியலைப் பார்க்க முடிகிறது என்பது சாமானியமான விஷயமல்ல. தூபிங்கன்காரர்களும் குண்டர்ட்டின் சேகரத்தைப் படம் பிடித்து உலகத்துக்கே திறந்துவிட்டார்கள். இருந்தாலும் இயந்திரம் தேடுவது ஃபைலின் தலைப்பை. தலைப்பை எழுதியவர் அந்தக் காலத்துக் குமாஸ்தா. பாலக்காடு என்று தட்டினால் அவர் 'பால்காட்' என்று எழுதியது அகப்படாது; அவருக்கும் நூறு வருஷம் முந்தியவர் 'பாலிகாட்செரி' என்று எழுதியது அதைக் காட்டிலும் அகப்படாது. கட்டைப் புரட்டுகிறவன் தேடாத பக்கத்தில் தேடியதைக் காண்பான். திரையில் தேடுகிறவனுக்குக் கேட்டதற்குமேல் ஒன்றும் கிடைப்பதில்லை. பழைய ஊர்ப்பெயர்களின் எழுத்து வேற்றுமைகளையெல்லாம் தமிழிலும் மலையாளத்திலும் தொகுத்து, எந்த வருஷத்தில் எந்தத் தாலூகா எந்த அரசின் கீழ் இருந்தது, அதன் ஏடுகள் இப்போது எங்கே என்று காட்டும் பொதுப் பட்டியல் ஒன்றைச் சென்னையும் கேரளமும் கூடித் தயாரித்தால், பதினாயிரம் பக்கங்களைப் படம் பிடிப்பதைவிட அது அதிகப் பிரயோஜனமாயிருக்கும் என்பது என் அபிப்பிராயம். நீருக்கு வழக்காடும் இரண்டு அரசுகள் பட்டியலுக்குக் கூடுமா என்று கேட்பீர்களானால், கேட்கவேண்டியதுதான்.

மலம்புழை அணையை எடுத்துக்கொள்ளுங்கள். 1949-இல் சென்னை மந்திரி பக்தவத்சலம் அஸ்திவாரம் போட்டார். 1955 அக்டோபரில் முதலமைச்சர் காமராஜர் திறந்துவைத்தார். அடுத்த வருஷமே ஜில்லா கைமாறியது. தண்ணீர் இங்கே பாய்கிறது. அதைப் பாய்ச்சுவதற்காக எழுதிய சென்னை அரசாணைகளைத் தேடிப் பாலக்காட்டு விவசாயி ஒருவர் இரவு ரயிலேறி எழும்பூரில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தெரிந்தது அணையின் பெயரும், வாய்க்கால் தம் வயலுக்கு வந்த வருஷமும். சீட்டில் அவர் எழுதவேண்டியதோ துறை, ஆணை எண், தேதி.