சாய்ந்தபடி ஊர் சுற்றுகிறவரின் சாமான்கள்

முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. ஈஸிசேரில் சாய்கிற மாதிரி சாய்ந்து, காலை முன்னே நீட்டி மிதிக்க வேண்டும். இங்கிலாந்தில் ஃபால்மத் ஊரின் ஐஸ், ஜெர்மனியின் ஹெச்பி வெலோடெக்னிக், ஃப்ளோரிடாவின் கேட்ரைக் என்று இந்த டிரைக்கை நேர்த்தியாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். காசிருந்தால் வண்டியை யாரும் வாங்கிவிடலாம். அதில் எதை, எங்கே மாட்டியிருக்கிறார் என்று பார்த்தால்தான் ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரியும்.

உட்காரும் விதம் மாறினால் தொல்லைகளும் மாறும். முதல் தொல்லை காலுக்கு. சாதா சைக்கிளில் பாதம் நழுவினால் தரையில் ஊன்றிக்கொள்ளலாம். இங்கே நழுவிய பாதத்தைத் தரை பிடித்துக்கொள்ளும், வண்டியோ நிற்காது. குறுக்குத்தண்டு காலின்மேல் ஏறிவிடும். எலும்பு முறிந்தவர்கள் உண்டு. ஆகவே குதிகாலைத் தாங்கும் பட்டையோ, ஷூவைக் கவ்விக்கொள்ளும் பெடலோதான் முதல் செலவு. பை, விளக்கு எல்லாம் அப்புறம்.

அடுத்தது கொடி. ஓட்டுகிறவரின் தலை கார் ஜன்னல் உயரத்துக்குத்தான் வரும் என்பதால் கொடி இல்லாமல் சாலையில் இறங்கக் கூடாது. ஆனால் கடையில் கொடுக்கும் முக்கோணத் துணி, காற்று பின்னாலிருந்து வீசினால் வாடிய இலையாகத் தொங்கிவிடும். கண்ணில் படுவது அசைவுதான். லேசான காற்றுக்கும் சுழல்கிற குழாய்த் துணியே என் தேர்வு. எதிர்காற்றில் காதோரம் படபடக்கும் கொடி எவ்வளவு எரிச்சலூட்டும் என்பது அரை நாள் ஓட்டியவருக்குத் தெரியும். சத்தம் போடாத கொடிக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

கண்ணாடி இரண்டு வேண்டும், இரு பக்கமும். முதுகும் தலையும் சாய்ந்திருப்பவரால் திரும்பிப் பார்க்க முடியாது. நீண்ட காம்பு அதிர்வில் ஆடும். பின்னால் வருவது லாரியா மரமா என்றே புரியாது.

ரசனைக்கு இடம் நிறைய இருப்பது பைகளில்தான். சுமை உயர்ந்தால் வளைவில் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும். எடை முழுவதும் பின்சக்கரத்துக்கும் பின்னே போனால் முன்சக்கரங்களுக்குப் பிடிமானம் குறையும். சீட்டின் இரு பக்கமும் தாழ்வாகத் தொங்கும் நீளப் பைகளை நெதர்லாந்தின் ராடிகல் டிசைன் தைக்கிறது. கனமான சாமான் அங்கே. மழைக்கு அஞ்சும் துணிமணிகள் பின்னால், வாய் சுருட்டி மூடும் ஆர்ட்லீப் பையில். கேரியரின் உச்சியில் கூடாரம் கட்டிக்கொண்டு போகிறவரைப் பார்த்தால் எனக்கு வளைவு வரும்வரை நிம்மதி இருக்காது.

வாஷிங்டனிலிருந்து கம்பர்லாந்து வரை செல்லும் சி அண்ட் ஓ கால்வாய்ப் பாதை 297 கிலோமீட்டர். சாமான்களைச் சோதிக்க அதைவிட நல்ல இடம் கேட்க வேண்டியதில்லை. அதில் வரும் பா பா சுரங்கம் சுமார் 950 மீட்டர், உள்ளே விளக்கே கிடையாது. டிரைக்கின் முன்விளக்கைக் கைப்பிடியில் மாட்டினால் மிதிக்கும் பாதங்களின் நிழல் பாதையில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அது பாதங்களைத் தாண்டி, முன்தண்டின் நுனியில் இருக்க வேண்டும். டைனமோ விளக்கு மெதுவாகப் போகையில் மங்கும்; நெற்றியில் பேட்டரி விளக்கு ஒன்றும் கட்டிக்கொள்வது நல்லது.

அதே பாதையில் பல இடங்களில் நடுவே புல், இரு பக்கமும் பள்ளத் தடம். டிரைக்குக்கு மூன்று தடம். ஒரு சக்கரத்தைக் குழிக்குத் தப்பவைத்தால் இன்னொன்று போய் விழும். முள்ளுக்கும் அதே கணக்கு. பஞ்சர் தடுக்க 5 மில்லிமீட்டர் ரப்பர் அடுக்கு வைத்த ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் டயர் கனம்தான், சற்று மந்தமும்கூட. இருந்தாலும் சாலையோரத்தில் குந்தி பஞ்சர் ஒட்டுவதைவிட மந்தம் மேல்.

கோப்பை தாங்கி, பாட்டுப் பெட்டி போன்றவை அவரவர் விருப்பம். பிரேக் லீவரை இறுக்கிக் கட்ட ஒரு பட்டை மட்டும் மறக்க வேண்டாம். மூன்று சக்கர வண்டி நிறுத்தினால் சாயாது. சரிவில் தானாகவே கிளம்பிவிடும்.

வண்டியே இன்னும் வாங்கவில்லையென்றால், மூன்று சக்கரமும் 20 அங்குலமாக உள்ளதைப் பாருங்கள். பின்சக்கரம் 26 அங்குலமானால் ஓட்டம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மாற்று ட்யூபை இரண்டு அளவில் சுமக்க வேண்டும்.