தூது இழந்த சிறகு: சமகால ஈரானிய ஓவியத்தில் வானவர் உரு

ஆய்வுச்சுருக்கம்

ஈரானிய ஓவிய மரபில் சிறகு தூதின் அடையாளம். சமகால ஓவியர் சிலர் சிறகைத் தூதிலிருந்து பிரித்துள்ளனர். இப்பிரிவு மரபின் தேய்வா, மரபு பயன்படுத்தப்பட்ட விதத்தின் மீதான விமர்சனமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஈரானிய ஓவியம், நுண்ணோவியம், வானவர், மிஃராஜ், சுவரோவியம்

முன்னுரை

பாரசீக மொழியில் வானவரைக் குறிக்கும் ‘ஃபெரெஷ்தே’ என்னும் சொல்லின் வேர்ப்பொருள் ‘அனுப்பப்பட்டவர்’ என்பதாகும். திருக்குர்ஆனின் 35ஆம் அத்தியாயத்து முதல் வசனமும் இரண்டும் மூன்றும் நான்குமாகச் சிறகுகள் கொண்ட தூதர்களாகவே வானவரைச் சுட்டுகிறது. இஸ்லாத்துக்கு முந்தைய சசானியர் காலத்துத் தாக்-ஏ-புஸ்தான் குடைவரை வளைவிலும் சிறகுருக்கள் அரசுரிமையின் நாடாவளையத்தை ஏந்தி நிற்கின்றன. எனவே, சிறகு வெற்று அணியன்று. அனுப்புவோர்க்கும் பெறுவோர்க்கும் இடைப்பட்ட ஒருவரின் அடையாளம் அது.

மரபின் இலக்கணம்

சஃபாவிய மன்னர் ஷா தஹ்மாஸ்புக்காக 1539–1543 காலத்தில் உருவான நிஜாமியின் ‘கம்ஸா’ சுவடி இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. அதிலுள்ள மிஃராஜ் ஓவியம் சுல்தான் முஹம்மது வரைந்ததாகக் கருதப்படுகிறது. புராக் வாகனத்தில் விண்ணேறும் நபியைச் சூழ்ந்துள்ள வானவர் பலரின் கைகளில் ஏதேனும் ஒரு பொருள் உள்ளது. சிறகும் ஏந்திய பொருளும் ஒன்றையொன்று விளக்குகின்றன.

இம்மரபின் மறுபக்கத்தைச் சுட்டியவர் 1191இல் மறைந்த மெய்யியலாளர் சுஹ்ரவர்தி. ‘ஜிப்ரயீலின் சிறகோசை’ என்னும் அவரது நூலில் ஜிப்ரயீலின் வலச்சிறகு தூய ஒளியாகவும், இடச்சிறகு இருளின் சாயல் படிந்ததாகவும் அமைகின்றன. நாம் வாழும் மாயவுலகம் அவ்விடச்சிறகின் நிழலிலிருந்து தோன்றியது என்பது அவர் கருத்து. சமகால ஓவியத்தை அணுக இவ்விடச்சிறகு பொருத்தமான கருவியாகிறது.

போரும் சிறகும்

1980–1988 காலத்து ஈரான்–ஈராக் போரும் அதன் பின்விளைவும் தெஹ்ரானின் சுவர்களை மாற்றின. தியாகியர் அறக்கட்டளை முதலிய அமைப்புகளின் ஆதரவில், உயிர்நீத்த வீரர்களின் உருவங்கள் அடுக்குமாடிகளின் பக்கச்சுவர்களில் எழுந்தன. துலிப் மலரும் புறாவும் சிறகும் அவற்றின் குறியீட்டு மொழியாயின. இங்கே ஒரு தலைகீழ் மாற்றம் நிகழ்ந்தது. மரபில் சிறகுடையோர் மேலிருந்து வந்தனர். சுவரிலோ மண்ணில் வீழ்ந்தவர் மேலேறினர். இழப்பின் துயரத்தைச் சிறகு வெற்றியாக மொழிபெயர்த்தது. இதன்பின் ஈரானிய ஓவியர் ஒருவர் சிறகு வரைவது அரசியல் சாராத செயலாக இருத்தல் அரிது.

மூன்று மறுமொழிகள்

நுண்ணோவிய மரபைப் புதுப்பித்த மஹ்மூத் ஃபர்ஷ்சியான் (1930–2025) சுழலும் கோடுகளால் சிறகு, ஆடை, கூந்தல், மேகம் அனைத்தையும் ஒரே ஓட்டத்தில் இணைத்தார். அவ்விணைப்பின் அழகு மறுக்கவியலாதது. ஆயினும், அங்குச் சிறகு வலச்சிறகாக மட்டுமே எஞ்சுகிறது, நிழல் விழுவதில்லை.

ஷிராஸில் 1978இல் பிறந்து நியூயார்க்கில் இயங்கும் கம்ரூஸ் ஆராமின் தொடக்ககாலப் படைப்புகளில் வானவர் உரு கம்பளப் பூவேலைகளுக்கும் தீச்சுடர்களுக்கும் நடுவே தோன்றுகிறது. இரவுநோக்கிக் கருவிக்குப் புலப்படாத மறைஞானக் காட்சிகள் என்ற பொருள்பட அவர் ஓர் ஓவியவரிசைக்குப் பெயரிட்டார். படைவீரரின் பார்வையும் பக்தரின் பார்வையும் ஒரே தொடரில் மோதுகின்றன. வானவர் எவர் பக்கம் நிற்கிறார் என்பதை ஓவியம் கூறுவதில்லை.

இஸ்ஃபஹானில் 1979இல் பிறந்த ஷாபூர் பூயான் பழைய நுண்ணோவியங்களின் எண்மப் படிகளிலிருந்து உருவங்களை நீக்குகிறார். கட்டடமும் நிலமும் எஞ்ச, நிகழ்ச்சி மறைகிறது. மூல ஓவியத்தை அறியாதவர்க்கு இவ்வெறுமை வெறும் நிலக்காட்சியாகவே தோன்றும். இது அம்முறையின் வரம்பு. அறிந்தவர்க்கோ, ஏந்துவாரற்ற செய்தி எங்கே சென்றது என்னும் வினா எழுகிறது.

சிறகற்ற ஏற்றம்

இவ்வினாவுக்கு எதிர்பாராத விடையொன்று தெஹ்ரான் தெருக்களிலேயே கிடைக்கிறது. 1981இல் பிறந்த மெஹ்தி கத்யான்லூ, நகராட்சியின் அழகூட்டல் திட்டத்தின்கீழ் நூற்றுக்கும் மேற்பட்ட சுவரோவியங்களை வரைந்தார. அவற்றில் சாதாரண மனிதர்கள் புவியீர்ப்பை மறந்து வானில் மிதக்கின்றனர். அவர்களுக்குச் சிறகில்லை, இறப்பும் இல்லை. முன்பு உயிர்நீத்தவர்க்கே உரியதாயிருந்த விண்ணேற்றம் உயிருள்ளோர்க்கு வாய்க்கிறது. இதுவும் பொதுநிறுவனத்தின் ஆதரவில் உருவானதே. ஆகவே இதனை வெளிப்படையான எதிர்ப்பாகக் கொள்ள இயலாது; எனினும் குறியீட்டின் உடைமை கைமாறியதை மறுக்கவும் இயலாது.

முடிவுரை

சமகால ஈரானியக் கலையின் வானவர்களைச் சந்தைக்கேற்ற கீழைத்தேயக் கவர்ச்சி என ஒதுக்குவது எளிது. அவ்வாறு ஒதுக்குவோர் தெஹ்ரான் சுவர்களின் வரலாற்றைக் கணக்கில் கொள்வதில்லை. ஆராம் வானவரின் சார்பை ஐயத்தில் விடுகிறார். பூயான் உருவையே நீக்குகிறார். கத்யான்லூ சிறகின்றி உயர்த்துகிறார். மூவரும் செய்வது, சிறகின் பெயரால் மரணத்துக்கு வழங்கப்பட்ட பொருளை நிறுத்திவைத்து வினவுவதாகும். சுஹ்ரவர்தியின் சொற்பொருளில் கூறின், நெடுங்காலம் மறைக்கப்பட்ட இடச்சிறகு மீண்டும் பார்வைக்கு வந்துள்ளது. எனவே தூது இழந்த சிறகு மரபின் தேய்வன்று. மரபே தன்னுள் வைத்திருந்த ஐயத்தின் மீட்சியாகும்.