முக்காடு யாருக்கு?

புதுக்கோட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி. ரெக்கார்டு அறையில் என் கேஸ் ஷீட்டைக் கேட்டேன். ‘பேஷண்ட் கையில தர மாட்டோம் சார், கான்பிடென்ஷியல்.’ அதே மூச்சில் பக்கத்தில் நின்றவரிடம், ‘உங்க ஊர்க்காரர்தான், சுகர் எக்கச்சக்கம்’ என்கிறார். கெட்ட மனுசரில்லை. இரகசியம் ஆபீஸின் சொத்து, உடம்புக்காரனுடையதல்ல என்று அவருக்குப் பழக்கியிருக்கிறோம்.

உச்ச நீதிமன்றத்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான். நோயாளி ஒருவருக்காகச் சென்னையில் ரத்தம் கொடுக்கப்போன நாகாலாந்து மருத்துவருக்கு எச்.ஐ.வி. இருப்பது மருத்துவமனை வழியாக வெளியே போனது. கல்யாணம் நின்றது; கோகிமாவை விட்டே வெளியேறினார். மணக்கவிருந்த பெண்ணின் உயிருரிமையைக் காட்டி, வெளியே சொன்னதில் தப்பில்லை என்றது 1998 தீர்ப்பு. அவள் உயிர் பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் பிரதியை வாசியுங்கள்: அவர் ‘எக்ஸ்’, மருத்துவமனை ‘இசட்’. ஊரெல்லாம் தெரிந்தபிறகு அவருக்கு ஓர் எழுத்து, சரி. மருத்துவமனைக்கு எதற்கு முக்காடு?

எச்.ஐ.வி. நிலையைச் சம்மதமின்றி வெளியிடக்கூடாது, பதிவேடுகளைப் பாதுகாக்க வேண்டும் என்று 2017இல் சட்டமே வந்தது. நம் ரெக்கார்டு அறைக்காரரிடம் இதை யாராவது சொன்னார்களா என்று கேட்டேன். ‘ரேக் இல்லாம பைல் எல்லாம் தரையில கெடக்கு சார், மொதல்ல அதப் பாருங்க’ என்றார்.